ஷியரிங் ஷெட்டில் ரவுஸி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கமுதிக்காரன்:
வணக்கம். 462 விசாவில் (வேலை செய்துகொண்டே விடுமுறை கழிக்கிற விசா) ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வந்து நாலு மாதம் ஆகிறது. கிரிஃபித்தில் ஆரஞ்சு பறிக்கிற வேலை முடியப் போகிறது. ஹே என்கிற ஊர்ப் பக்கம் செம்மறி ரோமம் வெட்டும் குழு ஒன்றில் ரவுஸியாக, அதாவது வெட்டின ரோமத்தை அள்ளி எடுக்கிற கையாளாக, வரச் சொல்கிறார்கள். நாங்கள் கீதாரி வீடு, கிடையோடு நடந்து வளர்ந்தவன். ஆனால் எங்கள் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. அந்தப் பழக்கம் இங்கே உதவுமா? போனதுமே ரோமம் வெட்டுகிற மெஷினைக் கையில் கொடுப்பார்களா?

மேலூர்ப் பொண்ணு:
தாராளமாகப் போங்க தம்பி. டப்போ பக்கம் எனக்கு இது அஞ்சாவது சீசன்.

முதலில் க்யூ காய்ச்சல் ஊசி. ஆட்டுச் சாணி, மூத்திரம், குட்டி போட்ட அழுக்கு காய்ந்து, அந்தத் தூசி மூச்சில் போய் வருகிற காய்ச்சல். டாக்டர் ரத்தமும் தோலும் சோதிப்பார். தோல் சோதனை முடிவுக்கே 7 நாள். கிடையில் வளர்ந்ததைக் கட்டாயம் சொல்லுங்க. கிருமி ஏற்கெனவே பட்ட உடம்பென்றால் அந்த ஊசி போடவே கூடாது. எங்க ஷெட்டில் ஒரு பையன் அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு, ஆறு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

மெஷின் உடனே கைக்கு வராது. வெட்டுகிறவருக்கு ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி, ரவுஸிக்கு ரன் கணக்கு. ரன் என்றால் 2 மணி நேரம். காலை 7.30 முதல் மாலை 5.30 வரை நாலு ரன். இடையில் இரண்டு ஸ்மோகோ (டீ இடைவேளை), ஒரு சாப்பாடு. ஒருத்தர் நாளைக்கு 150 மெரினோ (மென்மையான கம்பளி தருகிற செம்மறி இனம்) வெட்டினால், கிட்டத்தட்ட 3 நிமிடத்துக்கு ஒரு ஆடு. இரண்டு பேருக்கு நீங்க ஒருத்தர் என்றால் கணக்குப் போட்டுக்கோங்க.

வயிற்று ரோமம் முதலில் வரும். அதைத் தனியாக எடுத்துப் போடணும். மற்றது ஒரே போர்வையாகக் கழன்று விழும், அதுதான் ஃப்ளீஸ். பின்னங்கால் ரோமம் இரண்டையும் இரண்டு கையில் இறுக்கிப் பிடித்து, மிச்சத்தை நெஞ்சோடு அள்ளி, மேசை மேல் வீசணும். பிடித்த பிடியை விடக் கூடாது. வலை விரிகிற மாதிரி விரிந்து, வெட்டின பக்கம் கீழே படியணும். துண்டு துணுக்கெல்லாம் மேசைச் சட்ட இடுக்கில் கீழே உதிர்ந்துவிடும். எனக்கு முதல் வாரம் முழுக்கச் சுருண்டு சுருண்டுதான் விழுந்தது. ராத்திரி படுக்கை விரிப்பை வைத்துக் கட்டில் மேல் வீசிப் பழகினேன். பத்தாம் நாள் ஒன்று அப்படியே பரந்து விழுந்தது. ரோமத்தைத் தரம் பிரிக்கிற கிளாஸர் அம்மா பாராட்டித் தலையசைத்தார். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

மில்டூரா ஜெயம்:
தம்பி, ஆட்டோட பழகினது கட்டாயம் உதவும். பட்டிக்குள்ள ஆடு ஏத்திற வேலைக்கு, அதின்ர பார்வை தெரிஞ்ச ஆள்தான் வேணும். கத்தினால் ஒண்டும் ஏறாது.

சாப்பாடு, தங்கிற காசு எவ்வளவு பிடிப்பினம் எண்டு முதலே எழுத்தில வாங்குங்கோ. எனக்கு ஒரு கொன்ராக்டர் கடைசிக் கிழமைக் காசைத் தராமல் இழுத்தடிச்சவர். ரன் கணக்கை நான் கொப்பியில எழுதி வச்சிருந்தபடியால்தான் வந்தது. 131 450க்கு அடிச்சால் தமிழில மொழிபெயர்க்க ஆள் தருவினம், அவையை வச்சு ஃபெயார் வேர்க்கோட (சம்பளப் பிரச்சினை பாக்கிற அரசாங்க ஒபிஸ்) கதைக்கலாம்.

கமுதிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். ஆட்டுக்குக் காயம் படுமா? அதுதான் மனசுக்குள் உறுத்துகிறது.

மேலூர்ப் பொண்ணு:
படும் தம்பி. மெரினோத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். நல்ல வேலைக்காரரின் இடது கையைப் பாருங்க. மெஷினுக்கு முன்னால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே போகும். முந்தின ராத்திரியே தீனியை நிறுத்தி வயிற்றைக் காலியாக்குவதும் அதற்குத்தான். வயிறு நிறைந்த ஆட்டை உட்கார்த்தினால் மூச்சு முட்டி உதைக்கும், அப்போதுதான் வெட்டு விழும். பெரிய காயத்தை ஊசி நூலால் தைப்பார்கள்.

ரன் முடிகிற நேரம் சிலர் பாதி வெட்டின ஆட்டைப் பழகுகிறவரிடம் கொடுப்பார்கள். அதற்கு பேரோ என்று பெயர். நான் கேட்டு வாங்கினேன், நீங்களும் கேளுங்க. என் முதல் ஆட்டின் கடைசிப் பக்கத்துக்கு 9 நிமிடம் ஆனது. கொடுத்தவர் ஸ்மோகோவுக்குப் போகாமல், என் இடது கை மேல் தன் கையை வைத்தபடியே நின்றார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.