மூன்று மாதத்தில் இரண்டு முறை காஸ் அடித்தாகிவிட்டது, ஏசி போட்டால் எஞ்சினும் உதறுகிறது

கல்லடிக்காரன்:
121 கொரோலா, ஆட்டோ கியர். ஏசி காஸ் அடித்து ஐந்தாறு வாரம் நன்றாகக் குளிரும், பிறகு வெறும் காற்றுதான். ஒரு கராஜில் இரண்டு முறையும் கேஜ் (பிரஷர் பார்க்கிற மீட்டர்) போட்டு "லீக் இல்லை, காஸ்தான் குறைவு" என்று சொல்லி அடித்துவிட்டார்கள். லீக் இல்லாமல் காஸ் எங்கே போகும்? இப்போது புதிதாக, நிற்கும்போது ஏசி போட்டால் ஆர்பிஎம் ஏறி இறங்கி முழுக் காரும் உதறுகிறது. இந்தக் கச்சான் காற்றில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கல்முனை வரைக்கும் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். இரண்டும் ஒரே பிரச்சினையா, வேறு வேறா?

பழைய பாஸ், களுவாஞ்சிக்குடி:
தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பொனட்டைத் திறந்து, ஏசியைப் போட்டுவிட்டு கொம்ப்ரசர் கிளட்சை, அதாவது கொம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு பிடித்து விடுகிற தட்டைப் பாருங்கள். சில செக்கனுக்கு ஒருமுறை டக், டக் என்று பிடித்துப் பிடித்து விட்டால் காஸ் குறைந்துவிட்டது, பிரஷர் சுவிட்ச்தான் வெட்டுகிறது. ஒவ்வொரு பிடிப்புக்கும் எஞ்சினில் பாரம் விழும், ஆர்பிஎம் இறங்கி ஏறும். அப்படியென்றால் உங்கள் உதறலில் பாதி அங்கிருந்துதான்.

கேஜ் கதையை நம்ப வேண்டாம். ஏசி ஓடாமல் நிற்கும்போது 30 டிகிரி வெயிலில் ஆர்134ஏ, அதாவது உங்கள் ஏசி காஸ், ஏறக்குறைய 95, 100 பிஎஸ்ஐ பிரஷர் காட்டும், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே அதே அளவுதான், பாதி காஸ் போயிருந்தாலும் அந்த முள் சொல்லாது. காஸோடு ஒயிலும் வெளியே வரும், அதனால் தூசி பிடித்த எண்ணெய்க் கறையைத் தேடுங்கள்: கொன்டென்சரின் (முன்னால் ரேடியேட்டர் மாதிரி இருக்கிற, காஸைக் குளிர்விக்கிற சாமான்) கீழ் மூலை, பைப் மூட்டு, கொம்ப்ரசர் முன்பக்கம், காஸ் அடிக்கும் வால்வு (மூடி இல்லாத வால்வை எத்தனை காரில் பார்த்திருக்கிறேன்!). கடற்கரைப் பக்கம் நிற்கிற வாகனம், உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்றுவிடும். கறை இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி சவர்க்காரத் தண்ணீர் பூசச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து வாக்யூம் மட்டும் போட்டுப் பார்ப்பது போதாது, சின்ன ஓட்டை அதில் தப்பிவிடும்.

வேன் நானா, காத்தான்குடி:
பாஸ் சொன்னதோடு ஒன்று. வாகன வரிசையில் ஊர்ந்தும் நின்றும் போகும்போது மட்டும் உதறுதா, ஓடும்போது சரியா? அப்படியென்றால் கொன்டென்சர் ஃபேன் சுற்றுதா என்று பாருங்கள், சுற்றாவிட்டால் பிரஷர் ஏறி கொம்ப்ரசர் எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். அளவுக்கு மேல் காஸ் அடித்தாலும் இதே கதை, பொனட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிற கிராம் அளவை எடை பார்த்துத்தான் போட வேண்டும். ஏசியே போடாமலும் உதறினால் த்ராட்டில் பொடியில் (எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடுகிற வாய்) கரி, பிளக், கொயில், வெடித்த வாக்யூம் ஹோஸ், இதையெல்லாம் தனியாகத் தேடுங்கள். டி-யில் (ட்ரைவ் கியர்) பிரேக் பிடித்தால் உதறி, என்-இல் (நியூட்ரல்) போட்டால் அடங்கினால் எஞ்சின் மவுண்டை, அதாவது எஞ்சினைத் தாங்குகிற ரப்பரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஹோஸைத் தேட பெட்ரோலை அடித்துப் பார்க்கிற வேலை வேண்டாம், நெருப்புப் பிடிக்கும்.

கல்லடிக்காரன்:
பார்த்தேன். கிளட்ச் டக் டக் தான், பாஸ் சொன்ன மாதிரியே. ஃபேன் சுற்றுகிறது. வேறு இடத்தில் நைட்ரஜன் போட்டார்கள், கொன்டென்சரின் கீழ் மூலையில் நுரை கொப்பளித்தது, இத்தனை நாளும் சேறு என்று நினைத்த கறை அதுதான். கொன்டென்சர், ட்ரையர் (காஸில் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான்) மாற்றி, வாக்யூம் போட்டு, காஸை எடை பார்த்து அடித்தாயிற்று. ஆர்பிஎம் இப்போது ஆடவில்லை. ஆனால் டி-யில் பிரேக் பிடித்து நின்றால் ஸ்டியரிங்கில் இன்னும் நடுக்கம் இருக்கிறது, என்-இல் போட்டால் இல்லை. நானா, நீங்கள் சொன்ன மவுண்ட்தான் போல. பாவித்ததைப் போடலாமா, புதிதே வாங்கவா?

வேன் நானா, காத்தான்குடி:
ரப்பர் சாமான் தம்பி, பாவித்தது வேண்டாம். இப்போது போட்டு ஆறு மாதத்தில் திரும்பக் கழற்ற வேண்டி வரும்.