தனுஷ்கோடி மணலில் ஆலா, உப்புக்கொத்தி அடைகாக்கும் நேரம்: எவ்வளவு நெருங்கலாம்?

மணல்திட்டு:
மே கடைசியில் தனுஷ்கோடி போகிறேன். சின்ன ஆலா என்ற கடற்பறவை, அனுமன் உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவை (2023இல் கென்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து தனி இனமாகப் பிரித்தார்களே, அதுதான்) இரண்டும் அடைகாப்பதைப் படம் எடுக்க வேண்டும். 150-600 லென்ஸ் இருக்கிறது. எத்தனை அடி வரை போகலாம்? காலையா, மாலையா? பத்து மணிக்கு மேல் எடுத்தால் படம் கலங்கலாக விழுகிறது, லென்ஸ் கோளாறா?

கடலோரக் கண்:
அடிக்கணக்கு உதவாது தம்பி. நீங்கள் நிற்கும்போது பறவை முட்டை மேல் உட்கார்ந்தே இருந்தால் தூரம் சரி. உப்புக்கொத்தி பறந்து காட்டிக்கொடுக்காது. தலையைத் தாழ்த்தி ஓசையில்லாமல் ஓடி, தள்ளிப் போய் இரை பொறுக்குவது மாதிரி நிற்கும். அதைப் பார்த்ததுமே பின்வாங்குங்கள். இறக்கை ஒடிந்தது போல் மணலில் இழுத்துக்கொண்டு போனால் முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிப் பக்கம்தான் இருக்கிறது என்று பொருள். அந்த நடிப்பைப் படம் எடுக்க நிற்காதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஆலாக்கள் கூட்டமாக எழுந்து தலைக்கு மேல் பாய்ந்தாலும் அதே கதைதான்.

நம் ஊர் வெயிலில் பறவை முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட நிழல் கொடுப்பதுதான் அதிகம். நண்பகலில் அது எழுந்தால் சில நிமிடத்தில் உள்ளே கரு வெந்துவிடும். பின்வாங்கி ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி உட்காரவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போங்கள். காகமும் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும்.

பொறுமையாக இருந்தால் கிடைப்பது வேறு. தண்ணீரோரம் போய் வயிற்று இறகை நனைத்து வந்து, ஈரத்தோடு முட்டை மேல் அமர்வதைப் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் மாறி உட்காரும் அந்த நொடி, முட்டையை மட்டும் எடுத்த எந்தப் படத்தையும்விடப் பெரியது.

பாம்பன் காற்று:
லென்ஸில் கோளாறு இல்லை, கானல். சூடான மணலுக்கு மேல் காற்று அலைவதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. தரையோடு படுத்து எடுத்தால் இன்னும் மோசமாகும். விடிந்து ஒன்றரை மணி நேரம்தான் காற்று தெளிவாக இருக்கும்.

ஆனால் அது கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் காலம். பறவைகள் காற்றை எதிர்த்து, மேற்கு பார்த்து உட்காரும். காலையில் வெளிச்சத்தை முதுகில் வைத்து நின்றால் வால்தான் தெரியும், மணலும் நேராக லென்ஸில் அடிக்கும். அதனால் காலையில் பக்கவாட்டு ஒளியில் எடுங்கள். ஐந்து மணிக்கு மேல் மேற்கே நின்றால் முகம் உங்கள் பக்கம், எழும்பும் ஆலாவும் உங்களை நோக்கியே வரும். கானல் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளை மணலில் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாறும், பறவை சாம்பலாக விழும். எக்ஸ்போஷரை +0.7 கூட்டி, நெற்றி வெள்ளை வெளிறுகிறதா என்று ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளி வரைபடம்) பாருங்கள். ஷட்டர் வேகம் பாயும் ஆலாவுக்கு 1/3200 நொடி, நடக்கும் உப்புக்கொத்திக்கு 1/1000. கடற்கரையில் லென்ஸ் கழற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள்.

மணல்திட்டு:
நன்றி அண்ணே. காருக்குள் இருந்தே எடுக்கலாமா?

கடலோரக் கண்:
அதுதான் நல்லது. அரிச்சல்முனை சாலையில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடி விளிம்பில் அரிசிப் பை வைத்து எடுங்கள். கதவைத் திறந்தால் எழுந்துவிடும். ட்ரோன் வேண்டாம். மன்னார் வளைகுடா தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். படத்தைப் பகிரும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கி, மாவட்டம் மட்டும் போடுங்கள்.

கூட்டையே நெருக்கமாக எடுக்க ஆசை என்றால், மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருஷம் தை மாதத்தில் காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயம் போங்கள். கருவேல மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், கரையில் நின்றே எடுக்கலாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்காதீர்கள். ஆபத்து என்றால் உப்புக்கொத்திக் குஞ்சு ஓடாது, பழைய டயர் தடத்துக்குள் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.