தமிழ் ஆய்வுகளைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கலாமா?

பந்தாய் ஆய்வு மாணவி:
அன்பர்களுக்கு வணக்கம். விரிவுரையாளர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் ஏற்கப்பட்ட படியையும், ஆய்வேட்டையும் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் கட்டாயமாக ஒப்படைக்க வேண்டும், அவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்றொரு முன்மொழிவு எங்கள் துறையில் விவாதிக்கப்படுகிறது. நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஏற்கப்பட்ட படி என்பது மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் சேர்த்து முடித்த, ஆனால் இதழின் பக்க வடிவமைப்புக்குள் இன்னும் போகாத கோப்பு. ஆய்வுகளை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்க வேண்டும் என்று 2002-இல் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுக்க அறிக்கை இரண்டு வழிகளைக் காட்டியது: எழுதியவரே களஞ்சியத்தில் சேர்ப்பது ஒன்று, இதழே திறந்த இதழாக வருவது மற்றொன்று. இரண்டாம் வழியில் பல இதழ்கள் கட்டுரையாளரிடமே பணம் கேட்கின்றன. நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. முதல் வழியில் எழுதியவர் ஒரு சென்கூடச் செலுத்த வேண்டியதில்லை. சுங்கை பட்டாணியில் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தம் வகுப்பறையைப் பற்றியே எழுதப்பட்ட ஆய்வைப் படிக்கக் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏற வேண்டிய நிலை இனியும் தொடரக் கூடாது.

செந்தூல் இதழாசிரியர்:
மாணவி அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன், கட்டாயப்படுத்துவதை எதிர்க்கிறேன். நான் நடத்தும் ஆய்விதழ் சந்தாவில் அச்சாகிறது, அந்தச் சந்தாவைக் கட்டுபவர்கள் பள்ளி ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற வாசகர்களும்தாம். இதழ் அஞ்சலில் போய்ச் சேரும் முன்பே அதிலுள்ள கட்டுரைகளெல்லாம் இலவசமாகக் கிடைத்தால் அடுத்த ஆண்டு யார் சந்தாவைப் புதுப்பிப்பார்கள்? நேச்சரை அளக்கும் கோலால் எங்களை அளக்காதீர்கள். ஆய்வேட்டின் நிலை இன்னும் கடினம். இணையத்தில் முழுதாகக் கிடைக்கும் ஒன்றை நூலாக்கப் பதிப்பாளர்கள் தயங்குகிறார்கள். இளம் விரிவுரையாளர் ஒருவருக்கு அதுவே முதல் நூலாக இருக்கும்.

பெட்டாலிங் ஜெயா நூலகர்:
ஆசிரியர் ஐயாவின் அச்சம் நியாயமானது. ஆயினும் ஒப்படைப்பதும் திறப்பதும் ஒரே நாளில் நடந்தாக வேண்டியதில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில், களஞ்சியத்தில் சேர்க்கப்பட்ட கட்டுரைகளை மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுத்தார்கள். அதனால் எல்லாரும் உடனே ஒப்படைத்தார்கள், ஆனால் இதழ் காத்திருக்கச் சொன்ன கோப்பு மூடியே இருந்தது. அந்த இடைக்காலத்தில் வாசகர் ஒரு பொத்தானை அழுத்திக் கட்டுரையை எழுதியவரிடமே படி கேட்கலாம். ஹார்வர்டில் 2008 பிப்ரவரியில் கலை, அறிவியல் புலத்தார் வாக்களித்துத் தங்கள் கட்டுரைகளை வெளியிடும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தார்கள். விலக்கு வேண்டுபவர் கேட்டுப் பெறவும் அதில் இடமுண்டு. இங்கே எவரும் பதிப்புரிமையை இழப்பதில்லை. இதழ்கள் அழிந்துவிடும் என்பதற்கும் அனுபவம் வேறு விடை தருகிறது: இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் (arXiv) என்னும் இலவசக் களஞ்சியத் தளத்தில் கட்டுரைகளை இட்டு வருகிறார்கள், பல இயற்பியல் இதழ்கள் இன்றும் சந்தாவோடு வெளிவருகின்றன.

செந்தூல் இதழாசிரியர்:
ஒப்படைப்பையும் திறப்பையும் பிரிப்பது நல்ல ஏற்பாடு, அதை ஏற்கிறேன். இயற்பியல் எடுத்துக்காட்டை ஏற்க மாட்டேன். அங்கே சந்தா கட்டுவது உலகெங்குமுள்ள நூலகங்கள். எனக்குக் கட்டுவது தனி மனிதர்கள். நூலகம் வழக்கத்தாலும் ஒப்பந்தத்தாலும் தொடரும், தனி மனிதர் தொடர மாட்டார். இலக்கிய ஆய்வுக் கட்டுரை இருபது ஆண்டுக்குப் பிறகும் படிக்கப்படுவது, ஆகவே கோப்பை 24 மாதம் மூடி வைத்துப் பிறகு திறப்பதால் அதன் பயன் குறைந்துவிடாது.

குளுகோர் ஆசிரியை:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மாதக் கணக்கைப் பேசும்போது தேடிக் கிடைப்பதையும் பேசுங்கள். நான் களஞ்சியங்களில் பார்த்த பழைய தமிழ் ஆய்வேடுகளில் சில வெறும் படங்களாக வருடப்பட்டவை. சில ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் உள்ளவை. தலைப்போ ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கிறது. தமிழில் தட்டச்சுச் செய்து தேடினால் ஒன்றும் வருவதில்லை. திறந்திருந்தும் கண்ணுக்குப் படாத ஆய்வால் என் மாணவர்களுக்கு என்ன பயன்? தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் ஈழத் தமிழர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் தளமும் தன்னார்வலர் உழைப்பிலேயே இதைவிடத் தேடத்தக்க சேகரங்களை உருவாக்கின. சம்பளம் பெறும் ஊழியர் உள்ள பல்கலைக்கழகத்தால் முடியாது என்று சொல்ல முடியாது.

பெட்டாலிங் ஜெயா நூலகர்:
அம்மா சொல்வது முற்றிலும் உண்மை, அதற்கும் ஒப்படைக்கும் நேரத்திலேயே வழி செய்ய வேண்டும்: ஒருங்குறிக் கோப்பு, தமிழில் தலைப்பு, தமிழில் சுருக்கம். பின்னால் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் ஊரே சான்று. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தத் தலைமுறையினரின் ஆய்வுகளை இன்று இணையத்தில் முறைப்படி வெளியிட வேண்டுமானால், மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 50 ஆண்டு முடியும் வரை உரிமையாளரின் இசைவு வேண்டும். பேரப்பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று யார் தேடுவது? எழுதியவர் உயிரோடு, நம் துறையிலேயே இருக்கும்போது ஒரு கையொப்பம் வாங்குவது எளிது. நான் கட்டாயத்தை ஆதரிப்பதற்கு இதுவே தலையாய காரணம். விருப்பத்துக்கு விட்டால் பலர் நாளை நாளை என்று தள்ளிப்போட்டு, ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள்.

செந்தூல் இதழாசிரியர்:
இந்தக் காரணம் என்னை அசைக்கிறது. என் இதழின் பழைய கட்டுரையாளர்கள் சிலரின் குடும்பத்தாரை எனக்கே தெரியாது. கட்டுரைகளுக்கு 24 மாதம் என்றால் என் இதழ் இசைவு தரும். ஆய்வேட்டை எப்போது திறப்பது என்பதை மட்டும், மூன்றாண்டு வரை, எழுதியவரின் முடிவுக்கே விட வேண்டும்.

பந்தாய் ஆய்வு மாணவி:
24 மாதம் நான் விரும்பிய அளவன்று. ஆனாலும் ஆசிரியர் ஐயாவின் இதழ் நின்றுபோவதை நான் விரும்பவில்லை, அதை வரைவில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். ஆய்வேட்டுக்குக் காரணம் கேளாமல் மூன்றாண்டு கொடுப்பதை ஏற்க இயலாது. மக்கள் வரிப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் எழுதப்படுவது அது. ஓராண்டு எல்லாருக்கும் இருக்கட்டும். பதிப்பாளரின் ஒப்பந்தத்தைக் காட்டுபவருக்கு மேலும் இரண்டாண்டு நீட்டிக்கலாம். ஆசிரியை அம்மா கேட்ட தமிழ்த் தலைப்பும் ஒருங்குறியும் எவருக்கும் விலக்கின்றி இருக்க வேண்டும்.