பக் கன்வர்ட்டர்: தமிழில் என்ன வைக்கலாம்?

திருப்பூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கண்காணிப்புக் கேமரா பழுது பார்க்கும் பயிற்சிக்குக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மின்தேக்கி (கப்பாசிட்டர்), மின்தூண்டி (இண்டக்டர் என்ற கம்பிச் சுருள்) எல்லாம் சிக்கலில்லை. அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டை போர்டிலேயே 5, 3.3 என்று இறக்கித் தரும் பக் கன்வர்ட்டர் என்ற பகுதிக்குத்தான் சொல் வேண்டும். கேமரா உயிரில்லாமல் வந்தால் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். பாடம் இப்படிப் போகிறது: ‘12 வோல்ட் உள்ளே வருகிறதா பார். வந்தால் தூண்டியின் வெளிப்பக்கக் காலில் மீட்டரை வை. அங்கே ஒன்றுமில்லை என்றால் சப்ளையைக் கழற்றிவிட்டு, அதே காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்.’ இப்போதைக்கு ‘இறக்கு மாற்றி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
தம்பி, ‘மாற்றி’ எதற்கு? தேங்கு என்பது தேக்கு ஆனது, அதிலிருந்து தேக்கி. திருந்து, திருத்து, திருத்தி. அதே வழியில் இறங்கு, இறக்கு, இறக்கி. தன்வினை பிறவினையாகி, இகரம் சேர்ந்து கருவியின் பெயராகிறது. நான்கெழுத்தில் முடிகிற சொல்லை ஏன் நீட்ட வேண்டும்?

கோவையிலிருந்து:
ஐயா சொன்ன இலக்கணம் சரி. என் கவலை வேறு. பள்ளிப் பாடநூலில் ‘இறக்கு மின்மாற்றி’ ஏற்கெனவே இருக்கிறது. அது மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டும் வேலை செய்யும் டிரான்ஸ்பார்மர். இங்கே போர்டுக்கு வருவதே நேர்த்திசை மின்னோட்டம். ‘இறக்கு மாற்றி’ என்று படித்த பையன் போர்டில் இருக்கும் தூண்டியைப் பார்த்து, இதுதான் டிரான்ஸ்பார்மர் என்று அடித்துச் சொல்வான். வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். வெறும் ‘இறக்கி’யும் போதாது. 7805 என்ற லீனியர் ரெகுலேட்டர் சிப் கூடத்தான் வோல்ட்டை இறக்குகிறது, ஆனால் மிச்சத்தைச் சூடாக்கி வீணடித்து இறக்குகிறது. பக் அப்படியில்லை, நொடிக்கு லட்சக்கணக்கான முறை சொடுக்கிச் சொடுக்கி இறக்குகிறது. ஆகவே ‘சொடுக்கு இறக்கி’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பாடநூல்களில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. டயோட்டுக்கு ‘இருவாயி’, கப்பாசிட்டருக்கு ‘கொள்ளளவி’. ‘ஆளி இறக்கி’ என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கும்.

மதுரையிலிருந்து:
இங்குள்ளவர்களுக்கு ஆளி என்றால் கோயில் தூணில் நிற்கும் யாளிதான் நினைவுக்கு வரும்.

தஞ்சாவூரிலிருந்து:
எல்லோரும் ‘இறக்கு’ என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மூலச் சொல்லில் இறக்கம் எங்கே இருக்கிறது? பக் என்றால் கிடா. வினையாக வந்தால் முட்டி எதிர்ப்பது. சுற்றிலும் அதுதான் நடக்கிறது. வருவது 12, வெளியே 5 என்றால், சொடுக்கி (சுவிட்ச்) மூடி, வரும் மின்சாரம் உள்ளே பாயும் நேரத்தில் தூண்டி 7 வோல்ட் அளவுக்கு எதிர்த்து நிற்கிறது. அந்த நேரத்தில் சேர்த்த ஆற்றலைச் சொடுக்கி திறந்ததும் வெளியே தள்ளுகிறது. வள்ளுவர் ‘பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்று சொன்னது இதைத்தானே! பின்வாங்குவது பாய்வதற்காக. ஆட்டில் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நாலு பெயரைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு ஏன் இறக்கி, ஏற்றி என்று சுமைதூக்கும் சொற்களைத் தேட வேண்டும்? ‘தகர்மாற்றி’ என்பதை முன்மொழிகிறேன்.

சென்னையிலிருந்து:
ஐயா, குறள் விளக்கம் அருமை, எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் பயிற்சி முடித்த பையன் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் போய் நின்று என்ன கேட்பான்? ‘பக் ஐசி’ என்று கேட்டால்தான் கிடைக்கும். தமிழ்ச் சொல் எதுவானாலும் பக்கத்திலேயே ‘பக் கன்வர்ட்டர்’ இருக்கட்டும். அப்புறம் பாடத்தில் ஒரு திருத்தம்: பீப் அடித்தாலே ஷார்ட் என்று எழுதிவிடாதீர்கள். முதன்மைச் சிப்புக்குப் போகும் 1.2 வோல்ட் பாதையில் சில ஓம் தடை இருப்பது இயல்பு. மீட்டர் அதற்கும் பீப் அடிக்கும். ஓம் அளவைப் படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நல்ல சிப்பைக் கழற்றிவிடுவார்கள்.

திருப்பூரிலிருந்து:
அந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன் அண்ணா, மிக்க நன்றி. சொல்லுக்கு இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. ‘இறக்கி’ பக்கம்தான் கூடுதல் பேர் இருக்கிறார்கள். முதல் இடத்தில் ‘இறக்கி, அதாவது பக் கன்வர்ட்டர்’ என்றும், பிறகு ‘இறக்கி’ என்றும் போடுகிறேன்.

கோவையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இதே கையேட்டின் அடுத்த பாடத்தில் லீனியர் ரெகுலேட்டர் வருகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?