அழகர்மலைக் காடு சாஃப்ட் பாஸ்டலில்: பச்சை சகதியாகிறது, மேல்வண்ணம் பிடிக்கவில்லை

வைகைக்கரை:
அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து மலையும் மரக்கூட்டமும் சாஃப்ட் பாஸ்டலில், அதாவது பொடியாக உதிரும் வண்ணக் குச்சியில், வரைகிறேன். கேன்சன் மி-டைன்ட்ஸ் தாள், கனம் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்). மூன்றாவது அடுக்கிலேயே மரமெல்லாம் ஒரே சாணிப்பச்சை. அதன்மேல் வெளிர்பச்சை வைத்தால் குச்சி வழுக்குகிறது. விரலால் தேய்த்துத்தான் கலக்கிறேன். கோளாறு தாளிலா, கையிலா?

கரித்துண்டு:
பெரும்பாலும் கையில்தான். தேய்க்கத் தேய்க்க, பொடி தாளின் குழிகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பு போய்விட்டால் அடுத்த வண்ணம் எதைப் பிடித்து நிற்கும்? அந்தத் தாளில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி குழிகுழியாகவும், மறுபக்கம் நைசாகவும் இருக்கும். இலைக்கு நைஸ் பக்கமே நல்லது.

இப்போது கெட்டிருக்கும் இடத்தை அழிரப்பரால் தேய்க்காதீர்கள். காய்ந்த, விறைப்பான பன்றிமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். பாதிப் பொடி உதிர்ந்து தாள் மறுபடி பிடிக்கும்.

அடுத்த படத்தில் முதலில் வானம், பிறகு தூரமலை, அப்புறம் மரத்தின் இருட்டு. இருட்டுக்குப் பச்சை வேண்டாம். அடர் ஊதாவோ கருஞ்சிவப்புப் பழுப்போ, கெட்டிக் குச்சியால். 2 செ.மீ. துண்டாக ஒடித்துப் படுக்கவைத்து, அழுத்தாமல் இழுங்கள். அதன்மேல் மங்கிய ஆலிவ் பச்சை, கீழே இருப்பது இடையிடையே தெரியும்படி. மிக மென்மையான குச்சியும் பளீர்ப் பச்சையும் கடைசிப் பத்துப் பதினைந்து கோடுகளுக்கு மட்டும். இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தைத் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாக வையுங்கள். அதே நிறத்தை வைத்தால் இலைமேல் ஒட்டிய காகிதத்துண்டு போலத் தெரியும்.

நாகமலைமேற்கு:
ஒன்று சேர்க்கிறேன். பெட்டியில் வரும் பச்சை நம் ஊர்க் காட்டுக்குப் பச்சைப்பசேல் என்று பொய்யாக நிற்கும். சித்திரை வெயிலில் பாதி மரம் இலையுதிர்ந்து சாம்பலும் காவியுமாகத்தான் இருக்கும். செங்காவியை அடியில் போட்டு மேலே பச்சையைத் தூவினால் அந்த வறட்சி தானாக வரும். பின்னால் உள்ள முகடு நீலச்சாம்பல், வெளிறல். விரல் வைக்கலாம் என்றால் அங்கே மட்டும்தான்.

உப்புத்தாள்:
அடுக்கு நிறைய வேண்டுமென்றால் தாளையே மாற்றுங்கள். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளைப் பலகையில் நாலுபுறமும் டேப் ஒட்டி, அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வரையும் முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பங்கு, சலித்த பியூமிஸ் (நுரைக்கல்) பொடி ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணீர் கலந்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கோலப்பொடி போட வேண்டாம், பருக்கை சமமாக இருக்காது.

பொடியை வாயால் ஊதாதீர்கள், மாஸ்க் போடுங்கள். பலகையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் தூள் படத்தில் தங்காமல் கீழே விழும். அழுக்கான குச்சிகளை டப்பாவில் பச்சரிசி போட்டுக் குலுக்கினால் நிறம் தெளியும்.

வைகைக்கரை:
தூரிகையால் தட்டினேன், ஆலிவ் பிடிக்கிறது. நன்றி சார். முடித்ததும் பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே, ஃபிக்ஸேட்டிவ், அடிக்கலாமா?

கரித்துண்டு:
கடைசியில் வேண்டாங்க, வெளிச்சமெல்லாம் இருண்டுபோகும். நடு அடுக்கில் 30 செ.மீ. தள்ளி லேசாக ஒரு தரம் போதும். பிரேம் போடும்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.