வீட்டிலேயே பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு தொடங்க யாரிடம் உரிமம் பெற வேண்டும்?

பெருமாள்புரத்து வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்துவிட்டு, மாமியாரின் உடல்நிலை காரணமாக வேலையை விட்டேன். சென்ற ஆண்டு முதல், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் எதிர்வீட்டுப் பெண்ணின் ஒன்றரை வயதுக் குழந்தையையும், வங்கியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளையும் காலை எட்டரை மணி முதல் மாலை ஆறு மணி வரை பார்த்துக்கொள்கிறேன். இப்போது மேலும் ஆறு வீடுகளில் கேட்கிறார்கள். உரிமம் வாங்காமல் இனி ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்கக் கூடாது என்று என் கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, "காப்பகமா? எத்தனை ஆதரவற்ற பிள்ளைகள்?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் கூடம் பதினெட்டுக்குப் பத்து அடி. பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. முறைப்படி யாரை அணுக வேண்டும், எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம், எதிர்வீட்டுப் பெண் கேட்பதுபோல் இரவுப் பணி நாட்களில் குழந்தையை இரவிலும் வைத்துக்கொள்ளலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மகாராஜநகர் தம்பி எழுதியது:

அக்கா, அந்த அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன சொல்லும் ஒரு காரணம். அரசு வழக்கில் "குழந்தைகள் காப்பகம்" என்றால், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் தங்கியிருக்கும் இல்லம் என்றுதான் பொருள். அதற்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். "ப்ளே ஸ்கூல்" என்று பலகை வைத்தால் கோப்பு பள்ளிக் கல்வித் துறைக்குப் போகும்; தமிழ்நாட்டில் அதற்கென 2015இல் தனி விதிமுறைகள் வந்திருக்கின்றன. நீங்கள் செய்வது இரண்டுமல்ல. ஆகவே மனுவில் "பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் மட்டும், பகல்நேரப் பராமரிப்பு" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அகர வரிசை, பாட்டு, வகுப்பு என்று ஒரு சொல்லும் அதில் வேண்டாம்.

என் மனைவி தொடங்கியபோது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலருக்கு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டோம். வாய்மொழியாகக் கேட்டபோது அலைக்கழித்தவர்கள் எழுத்தில் கேட்டதும் எழுத்தில் பதில் தந்தார்கள். ஒரே தாளில் முடிகிற உரிமமாக அது எங்களுக்கு அமையவில்லை. பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரிடம் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாநகராட்சியின் சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கோர்த்தோம். ஏன் இத்தனை தாள் என்று எனக்கும் சலிப்பு வந்தது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கீற்றுக் கூரைத் தீயில் மாண்டதும், 2021 டிசம்பரில் நம் நெல்லையிலேயே பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும் நினைவுக்கு வந்தால் சலிப்பு அடங்கிவிடும். வெயிலுக்காக முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தால், தீயணைப்பு அலுவலர் வருமுன் நீங்களே பிரித்துவிடுங்கள்.

இரவுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கினால், விடுதிகளுக்கும் இல்லங்களுக்குமான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேச்சு வந்துவிடும். அது வேறு பாதை.

தியாகராஜநகர் ஆச்சி எழுதியது:

மகளே, பதினொரு ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மகப்பேறு பயன் சட்டத்தை 2017இல் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைப் பராமரிப்பு இடம் வேண்டும் என்றார்கள். அதற்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு குழந்தைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி, மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் உதவிக்கு ஒருவரும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் கூடம் பதினைந்து பிள்ளைகளைக் கொள்ளும். கூடம் கொள்ளும், உங்கள் இரண்டு கைகள் கொள்ளாது. நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் என்றால் தனியாளாக நான்குக்கு மேல் நான் சேர்த்ததில்லை. ஐந்தாவது பிள்ளை வருவதற்கு முன்பே உதவிக்கு ஆள் வைத்துவிடுவேன். அந்த ஆளைக் காவல் துறைச் சரிபார்ப்பு இல்லாமல் வீட்டுக்குள் விடவும் மாட்டேன்.

கிணற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கிணற்றைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள், இரும்பு வலை போட்டு மூடிவிடுவார்கள். நான் பயந்தது வாளியைப் பார்த்து. நம் ஊரில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம் அல்லவா? மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், தரை துடைக்க நிரப்பிய அரை வாளியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு வேலைக்காரப் பெண் துணி எடுக்கப் போனாள். பதினான்கு மாதப் பையன் விளிம்பைப் பிடித்துத் தலையைக் குனிந்து, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தோடு பேசிக்கொண்டிருந்தான். நான் தூக்கியபோது நெற்றிமுடி மட்டும் நனைந்திருந்தது. அன்று மாலை அவன் தாயிடம் அதை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் அவர் பிள்ளையை அனுப்பவில்லை, அதற்கடுத்த நாள் அனுப்பினார். அந்த வாரமே எல்லாப் பாத்திரங்களுக்கும் இறுக்கமான மூடியும், குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் வந்தன.

ஒரு பெரிய பதிவேடு வாங்கிக்கொள்ளுங்கள். வந்த நேரம், போன நேரம், அழைத்துப் போனவர் கையெழுத்து, கொடுத்த மருந்து, உடம்பில் ஏற்கெனவே இருந்த கீறல் வரை எழுதுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் தாய்மாமனே ஆனாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் இதற்குக் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். கடலை மிட்டாயும் வறுகடலையும் சின்னப் பிள்ளைகள் பக்கமே வரக் கூடாது, புரையேறும்.

பேட்டை கணக்கர் எழுதியது:

வரவு செலவுப் பக்கத்தில் மூன்று செய்திகள் மட்டும். வீட்டு மின் இணைப்புக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தை நம்பித் தொழில் நடத்தாதீர்கள். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது கண்டுபிடிக்கப்பட்டால் இரு மடங்குக் கட்டணம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது, எனவே அந்தப் பகுதிக்குத் தனி இணைப்பு கேளுங்கள். நீங்களே சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும். ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை, அதைச் செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாறாதீர்கள்.

பெருமாள்புரத்து வாசகி:

மூவருக்கும் நன்றி. மனுவைத் தம்பி சொன்னபடியே திருத்தி எழுதிவிட்டேன். "மழலையர்" என்ற சொல்லையும் அடித்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் இரவுக்கு முடியாது என்று சொன்னபோது முகம் வாடியது, ஆனால் புரிந்துகொண்டார். இப்போதைக்கு ஒரு பிள்ளையை மட்டும் கூடுதலாகச் சேர்த்து நான்கோடு நிறுத்தப் போகிறேன், அதுவும் சான்றுகள் கைக்கு வந்த பிறகு. நேற்று வீட்டில் திறந்து கிடந்த தண்ணீர்ப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ஆச்சி, அந்தத் தாழ்ப்பாளை எத்தனை அடி உயரத்தில் வைத்தீர்கள்?

தியாகராஜநகர் ஆச்சி:

நாலரை அடி. முதலில் மூன்றடியில்தான் வைத்தேன். நான்கு வயதுக்காரி ஒருத்தி முக்காலியை இழுத்துப் போட்டுத் திறந்துவிட்டாள். முக்காலியையும் உள்ளே எடுத்து வையுங்கள்.