கேபிளில் தனித்தனிப் படங்கள்: அலைவரிசை எவ்வாறு போதுமானதாகிறது?

கேள்வி: அமெரிக்க கேபிள் நிறுவனங்கள், கேட்கும் வீட்டுக்கெல்லாம் தனித்தனியே படம் அனுப்பியும் அலைவரிசை தீர்ந்துபோகாமல் எவ்வாறு சமாளிக்கின்றன?

பதில் 1: 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றில், 256 குவாம் என்ற, தரவை அலையில் ஏற்றும் முறையில், நொடிக்கு ஏறத்தாழ 38.8 மெகாபிட் செல்லும். எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு 3.75 மெகாபிட்டாகச் சுருக்கிய சாதாரணத் தெளிவுப் படங்கள் பத்து அதில் அடங்கும். ஆனால் உண்மையான சூட்சுமம் வேறு: ஊரைச் சில நூறு வீடுகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஃபைபர் இழுத்திருப்பதால், அதே அலைவரிசையை அடுத்த பகுதியில் வேறு படங்களுக்குப் பயன்படுத்த முடிகிறது.

பதில் 2: அதிகம் கேட்கப்படும் படங்களை உள்ளூர் சர்வரிலும், அரிதானவற்றை மைய நூலகத்திலும் வைப்பதால் இடைப்பட்ட இணைப்பின் சுமையும் குறைகிறது. 1994இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டைம் வார்னர் நிறுவனம், கேட்ட படத்தைக் கேட்ட வீட்டுக்கு அனுப்பி நடத்திய சோதனை, என் பார்வையில், தொழில்நுட்பத்தால் அல்ல, செலவால் தோற்றது.

கேட்டவர்: அப்படியானால், எம்பெக்-2க்குப் பின் வந்த எச்.264 சுருக்க முறைக்கு மாறினால் ஏறத்தாழ இருமடங்கு படங்கள் அடங்குமா?

பதில் 1: அடங்கும், பழைய செட்-டாப் பெட்டிகளை மாற்ற வேண்டியிருக்கும்.